மரபியலுக்குப் பெயரும் அவையும் தந்த பேட்ஸன்

மெண்டல் என்ற துறவியார் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து, பெற்றோரின் பண்புகள் மக்களிடம் எம்முறையில் வந்து சேர்கின்றன என்பதைக் கண்டறிந்த செய்தியை நம் குடியிருப்புப் பிள்ளைகள் பள்ளியிலேயே படித்து விடுகிறார்கள். ஆனால், மெண்டலின் கொள்கையை ஆங்கிலம் வழங்கும் உலகிற்கு எடுத்துரைத்து, அதற்காகப் பிறருடன் வாதிட்டுப் போராடி, அத்துறைக்கு 'ஜெனெடிக்ஸ்' என்ற பெயரையும் சூட்டி, இறுதியில் அத்துறையார் கூடிப் பேசுவதற்கென ஒரு கழகத்தையும் நிறுவிய வில்லியம் பேட்ஸனை அறிந்தோர் நம்மிடையே மிகச் சிலரே. அவர் வரலாற்றைச் சங்க மலரில் எழுத நாம் விரும்பியதற்கு அவர் பெருமை மட்டும் காரணமன்று. பல்கலைக்கழகங்கள் கதவடைத்தபோது சிறு கழகங்களே அறிவுக்கு வீடாக இருந்தன என்பதை அவர் வாழ்வு முழுவதிலும் காண்கிறோம்.

பேட்ஸன் 1861-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 8-ஆம் நாள், இங்கிலாந்தின் கீழைக் கரையில் உள்ள விட்பி என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் கேம்பிரிட்ஜில் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியின் தலைவர். தாயார் அன்னா அம்மையாரும் புதல்வியரும் பெண்களின் கல்விக்காகவும் வாக்குரிமைக்காகவும் உழைத்தவர்கள். இத்தகைய குடும்பத்தில் தோன்றியும், ரக்பிப் பள்ளியில் பேட்ஸன் நற்பெயர் எடுக்கவில்லை. குறிக்கோளற்ற பிள்ளை என்றே ஆசிரியர்கள் அவரைக் கருதினர். கணக்கு அவருக்கு வாராது. கல்லூரித் தொடக்கத் தேர்வில் கணக்கில் தேறுவதற்குத் தனி ஆசிரியரிடம் பயில வேண்டியதாயிற்று. ஆனால், இயற்கை விஞ்ஞானப் பாடத்தில் நுழைந்ததும் மாணவர் வேறொருவராகவே மாறிவிட்டார். முதல் வகுப்பில் தேறினார்.

இளமையில் அவருக்குப் புகழ் தேடித் தந்தது கடற்கரைச் சேற்றில் வாழும் புழு ஒன்று. பலனோகுளோசஸ் என்பது அதன் பெயர். 1883, 1884-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் வர்ஜீனியாக் கரையில் அதன் கருவளர்ச்சியை ஆராய்ந்து, முதுகெலும்புடைய உயிர்களுடன் அதற்கு உறவு உண்டு என்று காட்டினார். அந்த வழியிலேயே சென்றிருந்தால் பதவியும் பட்டமும் எளிதில் வந்திருக்கும். அவரோ வேறொரு கேள்வியைப் பற்றிக்கொண்டார். உயிர்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுவது எதனால்? அவ்வேறுபாடு சிறிது சிறிதாக வருவதா, ஒரே தாவலில் வருவதா? இதற்கு விடை தேடி மத்திய ஆசியாவின் புல்வெளிகளுக்குச் சென்று, 1886, 1887-ஆம் ஆண்டுகளில் உப்பேரிகளின் கரைகளில் கிளிஞ்சல்களைத் திரட்டினார். பட்ட துன்பத்திற்குக் கிடைத்த பயன் சிறிதே. 1894-இல் வேறுபாடுகளைப் பற்றிப் பெருநூல் ஒன்று வெளியிட்டார். கூடுதல் விரலுடைய கைகள், இடம் மாறி முளைத்த கால்கள் என நூற்றுக்கணக்கான நிகழ்ச்சிகளை அதில் தொகுத்திருந்தார். நூல் விலைபோகவில்லை. அவருக்கு நிலையான பேராசிரியர் பதவியும் கிட்டவில்லை. கல்லூரியின் சமையற்கட்டுக் கணக்கையும் பண்டசாலையையும் மேற்பார்க்கும் அலுவலை ஏற்றே குடும்பத்தை நடத்தினார். கணக்கு வாராதவருக்குக் கணக்குப் பார்க்கும் வேலை வாய்த்தது!

1889-இல் நிச்சயமாகி, பெண்ணின் தாயார் உடன்படாமையால் நின்றுபோன அவர் திருமணம் 1896-இல் அதே பெண்ணுடன் நடந்தேறியது. மனைவி பியாட்ரிஸ் அம்மையார் வீட்டை மட்டும் ஆண்டவரல்லர். கேம்பிரிட்ஜை அடுத்த கிராண்ட்செஸ்டரில் அவர்கள் வாழ்ந்த வீட்டுத் தோட்டமே ஆராய்ச்சிக்கூடமாயிற்று. அங்கே கோழிகளை எண்ணியும், விதைகளைப் பிரித்தும், ஏடுகளில் பதிந்தும் கணவருக்கு நிகராக உழைத்தவர் அவ்வம்மையார்.

இங்கே எடித் ரெபெக்கா சாண்டர்ஸ் அம்மையாரைப் பற்றிக் கூறாமல் மேலே செல்ல இயலாது. அவர் கேம்பிரிட்ஜின் நியூன்ஹாம் பெண்கள் கல்லூரியைச் சேர்ந்தவர். அந்நாளில் அப்பல்கலைக்கழகம் பெண்களைத் தேர்வு எழுத விட்டதேயன்றிப் பட்டம் தரவில்லை. 1897-இல் பட்டம் வழங்குவதா என்று வாக்கெடுத்தபோது வேண்டாம் என்ற கட்சியே வென்றது. முழு உரிமை வந்தது 1948-இல்தான். ஆண்களின் ஆய்வுக்கூடங்களில் இடம் கிடையாது என்பதனால், பெண்களுக்கெனப் பால்ஃபர் உயிரியல் ஆய்வுக்கூடம் என்று ஒன்று தனியே நடந்தது. 1899 முதல் 1914 வரை அதனை நடத்தி வந்தவர் சாண்டர்ஸ் அம்மையார். பேட்ஸன் பெண்களுக்குப் பட்டம் தரவேண்டும் என்ற கட்சியினர். பதவியில்லாத ஆணும், பட்டமில்லாத பெண்ணும் சேர்ந்து தொடங்கிய வேலையே ஆங்கில நாட்டு மரபியலுக்கு அடித்தளம் ஆயிற்று என்பது நாம் கருதத்தக்கது. அவர்களைச் சுற்றி நியூன்ஹாம் மகளிர் பலர் திரண்டனர். பியாட்ரிஸ் அம்மையாரின் தங்கை புளோரன்ஸ் டர்ஹம் எலிகளின் நிறத்தை ஆராய்ந்தார். மியூரியல் வெல்டேல் மலர்களின் வண்ணத்தை ஆராய்ந்தார். சம்பளம் என்று சொல்லத்தக்கது எவருக்கும் பெரிதாக இல்லை.

1900-ஆம் ஆண்டு மே 8-ஆம் நாள் இலண்டனில் இராயல் தோட்டக்கலைக் கழகத்தில் பேட்ஸன் சொற்பொழிவாற்றுவதாக இருந்தது. கேம்பிரிட்ஜிலிருந்து இரயிலில் செல்லும்போது மெண்டலின் பழைய கட்டுரையைப் படித்து வியந்து, அன்றைய சொற்பொழிவையே மாற்றிக்கொண்டார் என்று பியாட்ரிஸ் அம்மையார் எழுதி வைத்துள்ளார். அன்றே நிகழ்ந்ததா, சில நாள் பிந்தியா என்று பின்வந்த ஆராய்ச்சியாளர் ஐயுறுகின்றனர். அது பெரிதன்று. தோட்டக்காரரும் விதை வாணிகரும் மலர் வளர்க்கும் செல்வரும் கூடும் அக்கழகம், மெண்டலின் கட்டுரையை ஆங்கிலத்தில் பெயர்த்து 1901-இல் தன் இதழில் அச்சிட்டது. பல்கலைக்கழகம் செய்யாததைத் தோட்டக்காரர் கழகம் செய்தது.

மெண்டலின் கட்டுரை பிழைத்திருந்ததே ஒரு சிறிய கழகத்தின் புண்ணியத்தால்தான். பிரூன் நகரத்தில் இயற்கை ஆராய்ச்சிக் கழகம் ஒன்று இருந்தது. 1865-இல் பிப்ரவரியிலும் மார்ச்சிலுமாக இரண்டு மாலைகளில் மெண்டல் அங்கே தம் ஆராய்ச்சியைப் படித்தார். கேட்டவர்களுக்கு அதன் ஆழம் புரியவில்லை என்பர். புரியாவிட்டாலும் அவர்கள் தம் கடமையில் தவறவில்லை. 1866-இல் ஆண்டுத் தொகுதியில் அதை முழுமையாக அச்சிட்டு, வழக்கம்போல் பல நாட்டு நூலகங்கள் நூற்றுக்கு மேற்பட்டவற்றிற்கு அனுப்பி வைத்தனர். இலண்டனிலும் பிரதிகள் அடுக்கில் கிடந்தன. மெண்டல் 1884-இல் மறைந்தார். 1900-இல் டி விரீஸ், காரென்ஸ், செர்மாக் ஆகிய மூவர் அவ்வுண்மையை மீண்டும் கண்டபோது, ஏடு அங்கே காத்திருந்தது. ஆண்டுதோறும் மலர் அச்சிட்டுப் பிற சங்கங்களுக்கு அஞ்சலில் அனுப்பும் நம் செயலாளர்கள் இதனைப் படித்துச் சற்றே மகிழலாம்.

அதன்பின் பத்தாண்டுகள் கிராண்ட்செஸ்டர்த் தோட்டம் ஓயாது உழைத்தது. கோழிகளின் கொண்டையை ஆராய்ந்து, மெண்டல் விதி செடிக்கு மட்டுமன்றி விலங்குக்கும் பொருந்தும் என்று காட்டிய முதல்வர்களுள் பேட்ஸனும் ஒருவரானார். இனிப்புப் பட்டாணி என்ற மணமலர்ச் செடியில் ஒரு புதுமை கண்டனர். வெள்ளைப் பூப் பூக்கும் இருவகைச் செடிகளைக் கலந்தபோது, பிறந்தவை அனைத்தும் ஊதாவாகப் பூத்தன! அவற்றின் மக்களில் பதினாறுக்கு ஒன்பது ஊதா, ஏழு வெள்ளை. மஞ்சள்தூள் சிவப்பன்று, சுண்ணாம்பும் சிவப்பன்று, இரண்டும் நீரில் கலந்தால் ஆலத்தி சிவக்கிறது. அதுபோலவே, நிறத்திற்கு இரு கூறுகள் வேண்டும். ஒரு செடியில் ஒன்றும் மற்றதில் மற்றொன்றும் மட்டும் இருந்தமையால் இரண்டும் வெள்ளையாக இருந்தன. பண்புகள் சில கூட்டாகவே வழியிறங்குவதையும் பேட்ஸன், சாண்டர்ஸ், பன்னட் மூவரும் இதே செடியில் 1905-இல் கண்டனர். ஒருபண்புக் கருவி, இருபண்புக் கருவி என்ற பொருள்பட இன்று பாடநூல்களில் வழங்கும் ஹோமோசைகோட், ஹெட்டிரோசைகோட் முதலிய சொற்களும் அவர்கள் ஆக்கியவையே.

குடும்பத்தார் அனைவரும் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆர்ச்சிபால்ட் காரோட் என்ற மருத்துவர், சிறுநீர் காற்றுப் பட்டால் கறுத்துப் போகும் ஒரு பிறவிக் குறையை ஆராய்ந்து வந்தார். அக்குறையுடைய குழந்தைகளின் பெற்றோர் பலர் உடன்பிறந்தாரின் மக்களாக இருந்தனர். அவர்க்கு அதன் காரணம் விளங்கவில்லை. 1902-இல் பேட்ஸன் அதனை விளக்கினார். இது மெண்டல் கூறிய ஒடுங்குபண்பு. தந்தை தாய் இருவரிடமிருந்தும் வந்தாலன்றி வெளிப்படாது. அரிய பண்பு ஒன்றை ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து இருவரும் பெற்றிருக்கக்கூடுமாதலால், உறவினர் மணத்தில் அது வெளிப்படும் வாய்ப்பு மிகுகிறது. மனித நோய் ஒன்றுக்கு மெண்டல் விதி கொண்டு பொருள் சொன்னது அதுவே முதன்முறை. மாமன் மகளும் அத்தை மகனும் மணப்பதும், அக்காள் மகளைத் தாய்மாமன் மணப்பதும் நம்மவரிடையே நெடுங்கால வழக்கம். முன்னவரிடம் மரபுக் கூறுகளில் சராசரி எட்டில் ஒரு பங்கும், பின்னவரிடம் நாலில் ஒரு பங்கும் பொதுவாக அமைகின்றன. அவ்வாறு மணந்தோர் யாவரும் அஞ்ச வேண்டுவதில்லை. பெரும்பாலோர்க்கு நன்மக்களே பிறக்கின்றனர். ஆயினும் பெற்றோர் இருவரிடமும் அத்தகைய கூறு மறைந்திருப்பின், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு இடர் உண்டு. குடும்பத்தில் முன்னரே பிறவிக் குறை தோன்றியிருந்தால், முகூர்த்தம் பார்க்கும் முன் மருத்துவரைப் பார்ப்பது நலம் என்பது நம் கருத்து.

பேட்ஸனிடம் குறையும் இல்லாமலில்லை. நாவும் பேனாவும் கூரியவை. கல்லூரி நாளில் உயிர்த் தோழராக இருந்த வெல்டன், கணக்கு முறையால் உயிரியலை ஆராயும் கட்சியில் நின்றார். பேட்ஸன் மெண்டல் கட்சியில் நின்றார். நட்பு பகையாயிற்று. 1902-இல் மெண்டலைக் காக்க நூலே எழுதினார். 1904-இல் கேம்பிரிட்ஜில் பிரிட்டிஷ் விஞ்ஞானச் சங்கம் கூடியபோது இரு கட்சியும் நேருக்கு நேர் மோதின. அவையில் வெற்றி பேட்ஸனுக்கு என்றே பலர் கருதினர். 1906-இல் வெல்டன் நாற்பத்தாறாம் வயதில் மறைந்தார். இரு கட்சியும் சொன்னது பொருந்தக்கூடியதே என்பதை ஃபிஷர் என்பார் 1918-இல் கணக்கிட்டுக் காட்டினார். பேட்ஸனுக்குக் கணக்கில் சிறிது பற்று இருந்திருப்பின் அப்பூசல் இத்துணை ஆண்டு நீண்டிராது என்றே நமக்குத் தோன்றுகிறது.

1905-இல் இத்துறைக்கெனப் பேராசிரியர் பதவி ஒன்று ஏற்படலாம் என்ற பேச்சு எழுந்தபோது, நண்பர் செட்ஜ்விக்குக்கு எழுதிய கடிதத்தில் ஜெனெடிக்ஸ் என்ற சொல்லைப் பேட்ஸன் முன்மொழிந்தார். பதவி வரவில்லை, பெயர் மட்டும் நின்றது. அடுத்த ஆண்டு தோட்டக்கலைக் கழகத்தின் மாநாட்டில் தலைமை வகித்து, அப்பெயரை அவையறியச் சொன்னார். மாநாட்டு நடவடிக்கை நூலே அப்பெயர் தாங்கி வெளிவந்தது. 1908-இல் கேம்பிரிட்ஜில் அவருக்குப் பேராசிரியர் பதவி கிட்டியது. 1910-இல் அதனை விடுத்து, ஜான் இன்னஸ் என்ற வணிகர் எழுதி வைத்த செல்வத்தைக் கொண்டு இலண்டனை அடுத்த மெர்ட்டனில் நிறுவப்பட்ட தோட்டக்கலை நிலையத்திற்கு முதல் இயக்குநராகச் சென்றார். அவ்வாண்டே பன்னட்டுடன் சேர்ந்து 'ஜர்னல் ஆஃப் ஜெனெடிக்ஸ்' என்ற இதழையும் தொடங்கினார்.

முதல் உலகப் போர் வந்தது. நிலையத்துப் பணியாளர் பலர் களம் சென்றனர். மூத்த மகன் ஜான் 1918 அக்டோபரில், போர் ஓய்வதற்கு ஒரு திங்கள்கூட இல்லாத நிலையில், கொல்லப்பட்டான். இருபதே வயது. வீட்டில் இத்துயரம் ஆறாதிருந்த காலத்திலேதான், 1919-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், பேட்ஸனும் சாண்டர்ஸ் அம்மையாரும் முன்னின்று மரபியல் கழகத்தைத் தோற்றுவித்தனர். முன்னாள் பிரதமர் ஆர்தர் பால்ஃபர் முதல் தலைவராக இசைந்தார். பெண்கள் ஆய்வுக்கூடத்திற்குப் பெயர் தந்த பால்ஃபர் இவருடைய தம்பியாவார். இளமையில் பனிமலையில் வீழ்ந்து மாண்டவர்.

கழகம் என்றதும் பெரிய கட்டடத்தையும் பொற்பதக்கங்களையும் எண்ண வேண்டா. அன்று அவர்களிடம் சொந்த இடமில்லை. ஆண்டுக்குச் சில முறை கேம்பிரிட்ஜிலோ மெர்ட்டனிலோ வேறெங்கோ கூடுவர். கட்டுரை படிப்பதைவிடத் தோட்டத்தில் நடந்து செடியைக் காட்டுவதும், கூண்டிலுள்ள கோழியையும் எலியையும் காட்டுவதும் முதன்மையாக இருந்தன. பேராசிரியரும் பயிர்ப் பெருக்குவோரும் கால்நடை வளர்ப்போரும் ஒரே பாத்தியின் ஓரத்தில் நின்று பேசினர். தொடக்க உறுப்பினரில் பெண்களும் இருந்தனர். பட்டம் மறுக்கப்பட்டவர் இங்கே பட்டம் பெற்றவருக்கு எதிரே நின்று தம் முடிவை நிறுவலாம். அவர் தவறினால் திருத்தலாம். நூற்றாண்டைக் கடந்துவிட்ட அக்கழகம் இன்று ஆண்டுதோறும் அறிவியல் கூட்டங்கள் நடத்துகிறது. 'ஹெரிடிட்டி' என்ற இதழை வெளியிடுகிறது. இளம் ஆராய்ச்சியாளர் மாநாடு செல்லப் பயண உதவியும், கல்லூரி மாணவர் கோடை விடுமுறையில் ஆய்வுக்கூடத்தில் பணி பழக உதவித் தொகையும் வழங்குகிறது. இளைய ஆராய்ச்சியாளரைப் பாராட்டி நிகழும் சொற்பொழிவு பால்ஃபர் பெயரால் வழங்குகிறது.

பேட்ஸனின் கடைசி ஆண்டுகள் அமைதியாக அமையவில்லை. மரபுக் கூறுகள் குரோமோசோம் என்னும் நிறக்கோல்களில் உறைகின்றன என்று அமெரிக்காவில் மார்கன் கூட்டத்தார் நிறுவியதை அவர் நெடுநாள் ஏற்கவில்லை. புதுமையைக் கொண்டுவந்தவரே அடுத்த புதுமைக்குத் தடையாய் நின்றது வியப்பே. 1921 இறுதியில் அமெரிக்கா சென்று, மார்கனின் ஆய்வுக்கூடத்தில் ஈக்களைக் கண்ணாரக் கண்டபின், பெரும்பகுதியை ஒப்புக்கொண்டார். திரும்பிய சில திங்களில் இரண்டாவது பேரிடி விழுந்தது. 1922 ஏப்ரல் 22, இறந்த மூத்தவன் ஜானின் பிறந்த நாள். அன்று இரண்டாம் மகன் மார்ட்டின் இலண்டன் நடுத்தெருவில் தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். அவ்வாண்டிலேயே அரசு நைட் பட்டம் வழங்க முன்வந்தது, அவர் ஏற்கவில்லை. எஞ்சிய மகன் கிரிகரி. கிரிகர் மெண்டலின் நினைவாக இடப்பட்ட பெயர் அது. அவர் பிற்காலத்தில் மானிடவியலில் பெரும்புகழ் பெற்றார். 1926-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் பேட்ஸன் மறைந்தார். இறுதிவரை நிலையத்தின் இயக்குநராகவே இருந்தார். அவர் வரலாற்றைப் பியாட்ரிஸ் அம்மையாரே எழுதி 1928-இல் வெளியிட்டார்.

சாண்டர்ஸ் அம்மையார் மேலும் பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்தார். 1936 முதல் 1938 வரை மரபியல் கழகத்திற்கு அவரே தலைவர். 1945-இல் சைக்கிளில் செல்லும்போது நேர்ந்த விபத்தில் உயிர் நீத்தார். அந்நாளிலும் கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பட்டம் தரத் தொடங்கியிருக்கவில்லை.

பேட்ஸன் வைத்த இரு செடிகள் நம் நாட்டுடனும் தொடர்புடையன. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய தலைசேரி ஜானகி அம்மாள், 1939-இல் எடின்பரோவில் நடந்த உலக மரபியல் மாநாட்டிற்குச் சென்றார். போர் மூண்டதால் திரும்ப இயலவில்லை. 1940 முதல் 1945 வரை அவருக்கு இடமளித்தது, மெர்ட்டனில் பேட்ஸன் உருவாக்கிய அதே ஜான் இன்னஸ் நிலையம். அங்கிருந்தே டார்லிங்டனுடன் சேர்ந்து பயிர்களின் நிறக்கோல் தொகுதி நூலை 1945-இல் வெளியிட்டார். மற்றொன்று அந்த இதழ். மரபியல் கழகத்திற்கு 1932 முதல் 1936 வரை தலைவராக இருந்த ஹால்டேன், 1957-இல் கல்கத்தாவில் குடியேறியபோது 'ஜர்னல் ஆஃப் ஜெனெடிக்ஸ்' இதழையும் உடன் கொணர்ந்தார். பின் புவனேசுவரம் சென்று, 1964-இல் மறையும்வரை அதனை நடத்தினார். அவருக்குப்பின் மனைவி ஹெலன் ஸ்பர்வே அம்மையார் நடத்தினார். 1978-இல் அவர் மறைந்தபின் நின்றுபோன இதழை, 1985 முதல் பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகமான இந்தியன் அகாடமி ஆஃப் சயின்ஸஸ் மீண்டும் வெளியிட்டு வருகிறது.